காட்பாடி புஞ்சையை மனையாக்க யார் கையெழுத்து வேண்டும்?

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்டிருந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "காட்பாடிக்கு வடக்கே எங்கள் அப்பாவுக்கு 68 சென்ட் புஞ்சை இருக்கிறது. மூன்று வருடமாகப் பயிர் வைக்கவில்லை. பாதியை மனையாக்கித் தங்கை கல்யாணத்துக்கு விற்கலாம் என்கிறார். தாசில்தார் ஆபீசில் போய்க் கேட்டால் இது எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். கவுன்சிலர், மன்றத்தில் தீர்மானம் போட்டால் முடிந்தது என்கிறார். புரோக்கர், சென்னையில் ஆள் இருக்கிறது என்று லட்சக் கணக்கில் பேசுகிறார். பக்கத்து நிலத்தில் எதுவுமே கேட்காமல் கல் நட்டு விற்றுவிட்டார்கள். உண்மையில் இதை முடிவு செய்வது யார்?"

வேலூர் சத்துவாச்சாரியில் உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். இந்த மாதிரி பைல்களோடு நிறைய அலைந்திருக்கிறேன். உங்களுக்குக் கிடைத்த மூன்று பதிலிலும் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் குழப்பம். ஒரு நிலம் வகை மாறும்போது அளந்து சொல்கிறவர் ஒருவர், கருத்து எழுதுகிறவர் இன்னொருவர், முடிவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். கருத்து எழுதுகிறவரை முடிவு செய்கிறவர் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் விஷயம். சிட்டாவில் "புஞ்சை" என்று இருப்பது வருவாய்த் துறையின் கணக்கு. அந்தக் காலத்தில் தீர்வை போடுவதற்காக நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்று பிரித்து வைத்தது. மாஸ்டர் பிளான் என்கிற முழுமைத் திட்டத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன உபயோகம் குறித்திருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. அதில் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று தனித்தனியாக நிறம் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. சிட்டாவில் புஞ்சையாக இருக்கும் நிலம் திட்ட வரைபடத்தில் குடியிருப்பாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் வகை மாற்றம் கேட்கவே வேண்டியதில்லை, நேரே மனைப்பிரிவு ஒப்புதலுக்குப் போகலாம். இது தெரியாமல் ஒரு பெரியவர் எட்டு மாதம் வகை மாற்றத்துக்காக அலைந்தார். கடைசியில் என்னிடம் வந்தார். திட்ட வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அவர் நிலம் முழுக்கக் குடியிருப்பு நிறத்தில் இருந்தது. அவருக்குத் தேவையே இல்லாத ஒன்றுக்காக அந்த எட்டு மாதத்தில் மூன்று பேர் அவரிடம் பணம் வாங்கியிருந்தார்கள்.

ஆகவே யாரையும் பார்ப்பதற்கு முன்னால் அந்த சர்வே எண், உட்பிரிவு எண்ணோடு நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து, இந்த நிலம் திட்டத்தில் எந்த உபயோகத்தில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பாதீர்கள்.

அடுத்தது, நிலம் திட்டப் பகுதிக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. வேலூரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து வேலூர் உள்ளூர் திட்டக் குழுமம் என்று ஒரு அமைப்பு அந்தச் சட்டப்படி இருக்கிறது. மாநகராட்சி எல்லை வேறு, திட்டப் பகுதி எல்லை வேறு. வேலூர் 2008-இல் மாநகராட்சி ஆனது, இப்போது 60 வார்டு. காட்பாடிக்கு வடக்கே போகப்போக எங்கே வார்டு முடிந்து ஊராட்சி ஆரம்பிக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ஊராட்சியில் இருக்கிற நிலமும் திட்டப் பகுதிக்குள் வரலாம். "எங்க ஊர் பஞ்சாயத்துதானே, தலைவர் கையெழுத்துப் போதும்" என்று சொல்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

திட்டப் பகுதிக்குள் வந்து, வரைபடத்தில் விவசாய உபயோகம் என்று இருந்தால் என்ன நடக்கும்? திட்டம் அமலுக்கு வந்த பிறகு அதில் சொன்னதற்கு மாறாக நிலத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதனால் திட்டத்தையே அந்த சர்வே எண்ணின் அளவுக்கு மாற்ற வேண்டும். மாற்றுகிற அதிகாரத்தை 32-ஆம் பிரிவு பேசுகிறது. கவுன்சிலருக்கோ தாசில்தாருக்கோ அந்த அதிகாரம் கிடையாது. இப்போது மனுவை ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றுகிறோம். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலிருந்து வந்து இடத்தைப் பார்ப்பார்கள். சாலை எத்தனை அடி, சுற்றிலும் என்ன இருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். வருவாய்த் துறை, நீர்வளத் துறை, வேளாண்மைத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் வேண்டும். உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானமும் பைலில் கேட்பது வழக்கம். உங்கள் கவுன்சிலர் சொன்னது இந்தத் துண்டைத்தான். அந்தத் தீர்மானம் ஒரு கருத்து மட்டுமே, முடிவு ஆகாது. பைல் பிறகு சென்னையில் இருக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்குப் போகும். இயக்குநரின் பரிந்துரை வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குப் போகும். ஒப்புதல் கிடைத்தபின் இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பாக மாற்றப்படுகிறது என்று அரசிதழில் அறிவிக்கை வரும். அந்தப் பக்கம் கைக்கு வந்தால்தான் நிலம் மாறியது.

ஆகவே உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமானால்: பார்ப்பது இங்கே வேலூரில், பரிந்துரைப்பது இயக்ககம், முடிவு செய்வது அரசு. "சென்னையில் ஆள்" என்று புரோக்கர் சொன்னதில் அந்தச் சென்னை மட்டும்தான் உண்மை. கட்டணம் எல்லாம் அரசு கணக்கில் இணையத்திலேயே கட்டுகிறோம், ரசீது வருகிறது. ரசீது இல்லாத ஒரு ரூபாயும் உங்கள் நிலத்தின் நிறத்தை மாற்றாது.

திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் வழி வேறு. விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற 2017-இல் தனி விதிகள் வந்தன. மனு உள்ளாட்சி வழியாகப் போகும், நகர் ஊரமைப்புத் துறையின் இசைவு வேண்டும். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டும். உங்களுடையது புஞ்சை என்பதால் அந்தச் சிக்கல் குறைவு.

சென்னையில் இருக்கும் உறவினர்கள் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போகச் சொல்வார்கள். அது சென்னைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும். 2022-இல் அதன் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தபோது, பழைய வட ஆர்க்காட்டின் அரக்கோணம் பக்கமும் உள்ளே போய்விட்டது. வேலூரும் காட்பாடியும் அதில் இல்லை.

இப்போது பைல் எங்கே நிற்கும் என்று சொல்கிறேன். நான் பார்த்தவரை அரசின் மேஜையில் நின்றதைவிடப் புல வரைபடத்தில் நின்றதுதான் அதிகம். எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் அந்த ஒற்றைத் தாளை வருவாய்த் துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். எடுத்ததும் எல்லை அளவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். உள்ளே மெல்லிய இரட்டைக் கோடோ புள்ளிக்கோடோ ஓடுகிறதா என்று பாருங்கள். அது வண்டிப்பாதையாக இருக்கும், வாய்க்காலாக இருக்கும், நம் பக்கத்தில் பல இடங்களில் கானாறாக இருக்கும். மலையிலிருந்து மழைக்கு மட்டும் இறங்கி வரும் ஓடை. பத்து வருடம் காய்ந்து கிடக்கும். கருவேலம் முளைத்து மூடியிருக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் ஆறு என்றே தோன்றாது.

ஒரு குடும்பத்துக்கு மனைப்பிரிவு வரைந்து கொடுக்கப் போனேன். நிலத்தின் நடுவே ஒரு தாழ்வு, முழங்கால் ஆழம்கூட இல்லை. "மண்ணு வெட்டின குழி சார், மூடிட்டா சரியாப்பூடும்" என்றார் மேஸ்திரி. எஃப்.எம்.பி.யை விரித்தேன். அந்தக் குழி மேற்கு எல்லையிலிருந்து கிழக்கு எல்லை வரை கோடாக ஓடியது. பக்கத்து சர்வே எண்ணின் தாளை எடுத்துச் சேர்த்து வைத்தால் அங்கேயும் அதே கோடு தொடர்ந்து ஏரிக்குப் போனது. நான் அந்தக் கோட்டை விட்டுவிட்டு வரைய மாட்டேன் என்றேன். அவர்களுக்கு மூன்று மனை குறைந்தது, என்மேல் வருத்தம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடிய அந்த வாரம் அந்த வீட்டுப் பையன் எனக்கு ஒரு படம் அனுப்பினான். அந்தக் கோட்டின் மேலேயே, கோட்டை விட்டு ஒரு முழம்கூட விலகாமல், செம்மண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மனைகள் மேட்டில் இருந்தன.

நீர்வளத் துறைச் சான்று கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன். வாய்க்கால் உங்கள் பட்டாவுக்குள் ஓடினாலும் அதில் வரும் தண்ணீரும், அதை நம்பியிருக்கும் கீழ்ப்பக்கத்து ஏரியும் உங்களுடையது அல்ல.

இவ்வளவு தூரம் மேலே ஏன் போக வேண்டும், உள்ளூரிலேயே முடித்தால் என்ன என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்விதான். இதற்கு வட ஆர்க்காட்டைவிடக் கசப்பான பதில் வேறு எங்கும் கிடைக்காது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகள் வந்தபோது அந்தந்த இடத்தில் அது ஒரு துண்டு நிலத்தின் விஷயமாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றும் தன் எல்லைக்கல்லோடு நின்றது, கழிவு நிற்கவில்லை. ஆற்றுக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் வரக்கூடாது என்று 1989-இல்தான் அரசாணை வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்பதை நாட்டின் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போன கிராமங்களில் சர்வேக்குப் போயிருக்கிறேன். அந்த வீடுகளில் குடிக்கக் கொடுத்த தண்ணீர் எல்லாம் வேறு எங்கிருந்தோ குடத்தில் வந்தது. ஒரு சர்வே எண்ணின் உபயோகத்தை மாற்றும்போது பக்கத்து சர்வே எண்ணையும் பார்க்கிற ஒருவர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

டவுனுக்குள் கோட்டையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இன்னொரு கை இருக்கிறது. வேலூர்க் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சின்னம். 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டவே முடியாது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட தேசிய நினைவுச் சின்ன ஆணையத்தின் வழியாக அனுமதி வேண்டும். மாநகராட்சி ஆணையர் நினைத்தாலும் மீற முடியாது. உங்களுக்கு இது பொருந்தாது. ஆனாலும் அந்தப் பக்கம் கடை வாங்க நினைக்கிற யாராவது இதைப் படிக்கக்கூடும்.

வகை மாறி வந்த பிறகு மனைப்பிரிவு ஒப்புதல். அது தனி மனு. 68 சென்ட் என்பது சுமார் 2,750 சதுர மீட்டர். 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால்தான் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டிய கட்டாயம் வருகிறது. உங்களுக்கு அது இல்லை. ஆனால் சாலைக்கு விடும் நிலத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பாதியை மட்டும் விற்றாலும் 34 சென்ட், அதாவது ஏறக்குறைய 1,375 சதுர மீட்டர். ரெரா என்கிற மனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் சொல்லும் 500 சதுர மீட்டரைத் தாண்டுகிறது. விளம்பரம் போடுவதற்கு முன் அந்தச் சட்டப்படி இருக்கும் ஆணையத்திலும் பதிவு செய்துவிடுங்கள்.

வீடு கட்டுவது மூன்றாவது படி. நிலம் மாநகராட்சிக்குள் இருந்தால் அங்கேதான் மாநகராட்சியின் கை வருகிறது. நகரமைப்பு ஆய்வாளர் இடம் பார்ப்பார், ஆணையரின் பெயரில் அனுமதி வரும். 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடி வரை தரைத் தளமும் முதல் தளமுமாகக் கட்ட, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது கட்டடத்துக்கு. விவசாய உபயோகத்தில் இருக்கும் நிலத்துக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் இப்போது வாரத்துக்கு இரண்டு பேர்.

பக்கத்து நிலத்தில் கல் நட்டு விற்றவரைப் பற்றிக் கேட்டீர்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. அதன் பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றுப் பதிவான மனை இருந்தால்தான் அந்த விதியில் இடம். அதற்குப் பின் போட்ட மனைப்பிரிவுக்கு இடமில்லை. அவரிடம் வாங்கியவர்கள் கையில் பத்திரம் இருக்கலாம், ஏக்கர் கணக்கில் பிரிபடாத பாகமாக எழுதியும் இருக்கலாம். வரைபட அனுமதி கேட்கப் போகும்போதும் பேங்க் லோன் கேட்கும்போதும் தெரியும். அவரைப் பார்த்து அப்பா அவசரப்பட வேண்டாம். நேற்று வாங்கிய அந்தக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. அவர்களில் பலர் ஆயுள் சேமிப்பைப் போட்டிருப்பார்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால்? காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 79-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலக்கெடு இருக்கிறது. உத்தரவு கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள். அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட். பைல் அசையாமல் கிடந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, எந்தத் தேதியில் எந்த மேஜையில் இருந்தது, என்ன குறிப்பு எழுதினார்கள் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பத்து ரூபாய்ச் செலவில் பல பைல் நகர்ந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் கிடந்து உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். வகை மாற்றத்துக்கு முன் பத்திரிகையில் ஆட்சேபணை கேட்டு ஒரு சின்ன விளம்பரம் வரும். கிராமத்தில் அதை யார் படிக்கிறார்கள்? நிலத்தில் ஒரு போர்டு வைத்து, தமிழில் பெரிய எழுத்தில், இந்த இடம் இப்படி மாறப்போகிறது, சொல்ல வேண்டியதை இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள் என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஒருமுறை குடியாத்தம் பக்கம் ஒரு மனுவுக்காக இடம் பார்க்க வந்திருந்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டு வந்து நின்றார். சொன்னோம். "அப்போ பொணம் எந்த வழியா போகும்?" என்றார். சுடுகாட்டுக்குப் போகும் பாதை அந்த நிலத்தின் ஓரமாகத்தான் போனது. எந்தத் தாளிலும் அது இல்லை. வந்திருந்த அலுவலர் அங்கேயே குறித்துக்கொண்டார். பாதைக்கு இடம் விட்டபிறகுதான் அந்த பைல் மேலே போனது. அந்த அம்மா அன்று அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீங்கள் மனுப் போடும்போது அந்த விளம்பரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்காமல், நான்கு பக்கத்து நிலத்துக்காரர்களையும் அப்பாவே நேரில் பார்த்துச் சொல்லிவிடட்டும். வழி, வாய்க்கால், வரப்பு என்று அவர்களுக்கு ஏதாவது இருந்தால் வரைபடம் போடுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். இந்த வாரம் இணையத்தில் சிட்டா, அ பதிவேடு என்கிற கிராம நிலக் கணக்கு, எஃப்.எம்.பி., முப்பது வருடத்து வில்லங்கச் சான்று நான்கையும் எடுத்து வையுங்கள். அ பதிவேட்டில் குறிப்பு என்று கடைசியில் ஒரு பத்தி இருக்கும், நிலத்தில் நிபந்தனை ஏதாவது இருந்தால் அங்கேதான் எழுதியிருக்கும். எஃப்.எம்.பி.யில் எல்லைக்குள் கோடு ஏதாவது தெரிந்தால் பக்கத்து எண்களின் தாளையும் எடுத்து, தரையில் ஒன்றோடு ஒன்று சேர்த்து வைத்து, அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்று அப்பாவையே பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலத்தில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.